இணைப்பதினும் விடுவிப்பது பெரிது: ஆம்பூரில் ஒரு மடிக்கணினிப் பரீட்சை

2011 செப்டம்பர் முதற்கொண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுக்குத் துணையாக, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு நிர்மாணித்த பாஸ் லினக்ஸும் குடியேறியிருந்தது. அவ்வாறான பழைய கணினி ஒன்றை, ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு சிறு தொழிலகத்தின் டிசைன் அறையில் வைத்து, சேமிப்பகங்களை இணைப்பதிலும் விடுவிப்பதிலும் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பரிசோதித்தேன்.

விண்டோஸில் உள்ளதுபோல் சி, டி என்ற தனித்தனி டிரைவுகள் லினக்ஸில் இல்லை. வேரிலிருந்து கிளைக்கும் ஒரே அடைவு மரத்தில், ஏதேனும் ஓர் அடைவின் இடத்தில் புதிய வட்டைப் பொருத்துவதே ‘மவுண்ட்’ என்னும் கட்டளையின் காரியம். 1971-இல் பெல் ஆய்வகத்து யூனிக்ஸிலேயே இருந்த ஏற்பாடு இது. பென் டிரைவைச் செருகியதும் இயந்திரம் தானாகவே இணைத்துவிடுவதால், இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

விசேஷமெல்லாம் விடுவிப்பதில்தான் இருக்கிறது. டிசைன் அறையில் வரைந்த பேட்டர்ன்கள் பென் டிரைவில் ஏறி கட்டிங் பிரிவுக்குச் செல்கின்றன. நகலெடுத்தாயிற்று என்று திரை அறிவித்த பின்னரும், கோப்பின் ஒரு பகுதி நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். மாறிய தரவை ஏறத்தாழ 30 விநாடி வரை அவ்வாறு நிறுத்திவைப்பது லினக்ஸ் கர்னலின் இயல்பு. தோல் பதனிடும் டிரம் சுழன்றுகொண்டிருக்கையில் அதன் கதவைத் திறக்கும் தொழிலாளி ஆம்பூரில் எவருமில்லை. ஆனால் அதே ஊரில் பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்குவோர் அநேகர். ‘யூமவுண்ட்’ கட்டளையோ மிச்சமிருப்பதையெல்லாம் எழுதி முடித்த பின்பே வட்டை விடுவிக்கிறது. ஒரு கோப்பேனும் திறந்திருந்தால், வட்டு உபயோகத்தில் உள்ளதென்று கூறி மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பை நான் இதன் தலையாய குணமாக மதிக்கிறேன். எந்த நிரல் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அக்கட்டளையே சொல்லாமல், ‘எஃப்யூசர்’ என்னும் வேறொரு கட்டளையிடம் நம்மை அனுப்புவது மட்டும் உண்மையான அசௌகரியம். அவசரத்தில் சிலர் ‘எல்’ என்னும் தெரிவைச் சேர்க்கிறார்கள். அது மரத்திலிருந்து வட்டின் பெயரை உடனே மறைக்குமேயன்றி, திறந்த கோப்புகள் மூடப்படும்வரை உண்மையில் விடுவிப்பதில்லையாதலால், அதை நம்பிப் பிடுங்குவது அபாயகரமானது.

விண்டோஸை முழுதும் அணைக்காமல் உறங்கவிட்டுவிட்டு லினக்ஸுக்கு வந்தால், விண்டோஸின் பார்ட்டிஷன் வாசிக்க மட்டுமே இணைகிறது. இதைப் பழுதென்று எண்ணிப் பலவந்தமாகத் திறக்க முயலாது, விண்டோஸுக்குத் திரும்பி முறையாக அணைத்துவிட்டு வருவதே உத்தமம். நிரந்தரமாக இணைக்கவேண்டிய வட்டுகளை ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் எழுதுகையில், மாறக்கூடிய சாதனப் பெயரைத் தவிர்த்து அவற்றின் தனி அடையாள எண்ணையே குறிப்பிடுங்கள். கழற்றிச் செல்லும் வட்டாயின் ‘நோஃபெயில்’ என்பதையும் சேருங்கள். அவ்வட்டு இல்லாத நாளில் கணினி தொடங்க மறுத்து நிற்காது.

இவ்வேலைக்கு அந்தப் பழைய மடிக்கணினி இன்றும் தாராளமாகப் போதும். புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை.