ஸ்நேப் யார் பக்கம்? - வினாவைப் பற்றிய ஒரு வினா

ஜே. கே. ரோலிங் இயற்றிய ஹாரி பாட்டர் தொடரின் ஆறாம் நூல் 2005 ஜூலையிலும், ஏழாவதும் இறுதியுமான நூல் 2007 ஜூலையிலும் வெளிவந்தன. இடைப்பட்ட ஈராண்டுகளில் வாசகரை இரு பாசறைகளாகப் பிரித்த வினா ஒன்றுண்டு: ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் ஆசிரியராகிய செவரஸ் ஸ்நேப் யாருக்கு உண்மையுள்ளவர்? விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், வினா எழுப்பப்பட்ட முறை சரியானதுதானா என்று ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

ஸ்நேப் ஒரு காலத்தில் கொடியவனாகிய வோல்டமார்ட்டைப் பின்பற்றியவர். பின்னர் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் ஒற்றராக மாறியவர். அவரை முற்றும் நம்பிய டம்பிள்டோர், அந்நம்பிக்கையின் முழுக் காரணத்தை எவருக்கும் வெளியிடவில்லை. ஆறாம் நூலின் தொடக்கத்தில், நார்சிசா என்னும் தாய்க்கு ஸ்நேப் மீறவியலாத வாக்கு ஒன்றைக் கொடுக்கிறார். அதன் முடிவில், கோபுர உச்சியில் தம்மை நோக்கி மன்றாடும் டம்பிள்டோரைக் கொன்றுவிடுகிறார்.

இதற்கு வாசகர் தந்த விளக்கங்களை மூன்றாக வகுக்கலாம். ஒன்று, கொலை இருவரும் முன்பே உடன்பட்ட செயல் என்பது. சாபத்தால் கருகிய கையுடன் டம்பிள்டோர் ஏற்கெனவே மரணத்தை நெருங்கியிருந்தார். அவர் மன்றாடியது உயிருக்காகவன்று, சாவுக்காகவே என்றனர் இவர்கள். முதல் நூலிலும் ஸ்நேப்பே குற்றவாளி எனச் சிறுவர்கள் எண்ண, உண்மைக் குற்றவாளி குவிரல் என்று வெளிப்பட்டதையும் நினைவூட்டினர். இரண்டு, கொலை கொலையே. டம்பிள்டோர் ஏமாந்தார் என்பது. மூன்று, வெல்லும் பக்கம் சாயக் காத்திருக்கும் தன்னலக்காரரே ஸ்நேப் என்பது.

ஏழாம் நூலின் 33ஆம் அதிகாரம் முதல் விளக்கத்தையே உறுதிப்படுத்தியது. ஹாரியின் தாய் லில்லிமீது ஸ்நேப் கொண்டிருந்த அன்பே அவரைப் பக்கம் மாறச் செய்தது; கொலையும் டம்பிள்டோரே கேட்டுக்கொண்டபடி நிகழ்ந்தது. ஆகவே ஸ்நேப் நல்லவர் என்று பலர் முடிவு செய்தனர். இங்குதான் நாம் வேறுபடுகிறோம். ஒருவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதும், அவர் எத்தகையவர் என்பதும் ஒன்றல்ல.

அதே அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் இது புலனாகும். ஸ்நேப் முதலில் வேண்டியது லில்லியின் உயிரை மட்டுமே. அவளுடைய கணவனையும் குழந்தையையும் பற்றி அவருக்குக் கவலையில்லை. இதற்காக டம்பிள்டோர் அவரை அருவருத்துக் கடிந்துகொள்கிறார். வகுப்பறையில் அவர் நடந்துகொண்ட விதமோ இன்னும் தெளிவான சான்று. நெவில் என்னும் கூச்சமுள்ள மாணவனுக்கு உலகிலேயே மிகுந்த அச்சம் தருபவர் ஸ்நேப்தான் என்று மூன்றாம் நூல் காட்டுகிறது. ஒற்றரின் வேடத்திற்கு இக்கடுமை தேவைப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ஒரு குழந்தையை அன்றாடம் இழிவுபடுத்துவது எந்த வேடத்தின் தேவைக்கும் மிஞ்சியதாகும்.

அப்படியானால் அவரில் நன்மையே இல்லையா? உண்டு, ஆனால் அதன் சான்று, பலரும் போற்றும் காதலில் இல்லை. எத்தனை பேர் சாவதைப் பார்த்திருக்கிறாய் என டம்பிள்டோர் வினவும்போது, அண்மைக் காலத்தில் தம்மால் காப்பாற்ற இயலாதவர்களின் சாவை மட்டுமே பார்த்ததாக ஸ்நேப் மறுமொழி கூறுகிறார். ஒருத்தியின் உயிரை மட்டும் கேட்டவர், தமக்கு எவ்வுறவும் இல்லாதவர்களையும் காக்க முயல்பவராகியிருக்கிறார். மனந்திரும்புதல் என்று சொல்லத்தக்கது இதுவே. அதுவும் முழுமை பெறவில்லை. நெவிலை அது எட்டவேயில்லை.

பக்கம் எது என்று தேடிய வாசகர் பெரும்பாலும் கோபுரக் காட்சியையே திரும்பத் திரும்ப ஆராய்ந்தனர். மனிதர் எத்தகையவர் என்று கேட்போர் வகுப்பறைக் காட்சிகளையும் அதே கவனத்துடன் படித்தல் வேண்டும்.