யாருக்காக வைத்த ஜன்னல்?

பாழடைந்த கட்டடங்களின் உள்ளே எடுத்த புகைப்படங்களை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். காலண்டரில், கனமான பளபளா புத்தகத்தில், யாராவது அனுப்பிவைத்த படத்தொகுப்பில். நீளமாக ஒரு தாழ்வாரம். சுவரில் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து, உரிந்து தொங்கும். நடுவில் ஒற்றை நாற்காலி. உடைந்த ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து, தரையில் கிடக்கிற குப்பையைக்கூடத் தங்கமாக்கியிருக்கும். 'அடடா!' என்போம். அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

அந்த 'அடடா' எதற்காக? அதுதான் இந்த வாரக் கேள்வி.

முதலில், அந்த வெளிச்சம் ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மாயமந்திரம் ஒன்றுமில்லை. கைவிட்ட கட்டடத்தில் கரென்ட் கிடையாது. நம் வீட்டு ஹாலில் டியூப்லைட் எல்லா மூலைக்கும் போய் நிழல்களை அடித்துத் துரத்திவிடும். அங்கே ஜன்னல் மட்டும்தான். ஒரே பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு பெயின்ட் செதிலுக்கும் ஒரு நிழல் முளைக்கிறது. ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் மடமடவென்று இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தைத்தான் நம் கண் 'ஆழம்' என்று புரிந்துகொள்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர் வெர்மீர் இடது பக்கத்து ஜன்னலை வைத்துக்கொண்டு செய்ததும் இதே வேலைதான்.

காமிராவுக்கு இது லேசான காரியம் இல்லை. ஜன்னலுக்கு அளவு வைத்தால் மூலையெல்லாம் கரிக்கட்டை. மூலைக்கு வைத்தால் ஜன்னல் வெளுத்துப்போய் வெள்ளைத் துணி. முக்காலி போட்டு, துவாரத்தைச் சின்னதாக்கி, பல விநாடிகள் ஷட்டரைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ஆக, இதில் பொறுமை இருக்கிறது, கைத்திறமை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறமையோடு கேள்வி முடிந்துவிடுகிறதா?

மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கர் ஸ்டீஃபன் வில்க்ஸின் 'எல்லிஸ் ஐலண்ட்: கோஸ்ட்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' (2006). இன்னோர் அமெரிக்கர் ஆண்ட்ரூ மூரின் 'டெட்ராய்ட் டிஸ்அசெம்பிள்டு' (2010). ஈவ் மார்ஷாண், ரோமான் மெஃப்ர் என்ற இரண்டு பிரெஞ்சு இளைஞர்களின் 'தி ரூயின்ஸ் ஆஃப் டெட்ராய்ட்' (அதுவும் 2010). மூன்றிலும் உரிந்த சுவர், உடைந்த ஜன்னல், ஆளில்லாத அறை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ஆள் எடுத்த மாதிரி இருக்கும். இல்லை. பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எல்லிஸ் ஐலண்ட், நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் தீவு. 1892-லிருந்து 1954 வரை அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை இங்கேதான் நிறுத்தி வடிகட்டினார்கள். சுமார் 1.2 கோடிப் பேர் இதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மரியாதையாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தீவுக்கு வந்தது பெரும்பாலும் கப்பலின் அடித்தட்டில் வந்த ஏழைகள்தான். வரிசையில் வரும்போதே டாக்டர்கள் கோட்டில் சாக்பீஸால் எழுத்துப் போடுவார்கள். இதயத்தில் சந்தேகமா, ஒரு எழுத்து. கண்ணில் சந்தேகமா, வேறொன்று. பூட்ஸ் பித்தான் மாட்டுகிற கொக்கியால் இமையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள் என்று படிக்கும்போது நமக்கே கண் கூசுகிறது.

எழுத்து விழுந்தவர்களில் நோயாளிகளைத் தீவின் தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1902-ல் திறந்தது. பின்னால் தொற்றுநோய்க்காரர்களுக்கென்று தனி வார்டுகளும் வந்தன. குணமாகி அமெரிக்காவுக்குள் போனவர்கள் ஏராளம். அங்கேயே இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். குழந்தைகள்கூடப் பிறந்திருக்கின்றன. தீவை மூடிய பிறகு வடக்குப் பக்கத்துப் பிரதானக் கட்டடத்தைப் புதுப்பித்து 1990-ல் மியூசியம் ஆக்கினார்கள். தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரியை மழைக்கும் கொடிகளுக்கும் விட்டுவிட்டார்கள். வெற்றிக் கதைக்கு மியூசியம், வியாதிக் கதைக்குக் கொடி. எல்லா ஊரிலும் இதுதானே வழக்கம்!

வில்க்ஸ் 1998-ல் அங்கே ஒரு நாள் வேலையாகத்தான் போனார். ஐந்து வருஷம் போய்க்கொண்டே இருந்தார். விளக்கு எதுவும் கொண்டுபோகவில்லை. ஜன்னல் தருகிற வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தார்.

அதில் ஒரு படம். காசநோய் வார்டு. காலி அறை, உரிந்த சுவர், கைகழுவும் தொட்டி. அதன் மேலே ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள் தூரத்தில், விரல் உயரத்துக்குச் சுதந்திர தேவி நிற்கிறாள்.

சும்மா தந்திரக் காட்சி என்று தாண்டிவிடாதீர்கள். காசநோய்க்காரர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று 1907-ம் வருஷச் சட்டம் சொன்னது. கடல் கடந்து, இருந்ததை விற்றுவிட்டு வந்த ஒரு பெண் இந்த அறையில் படுத்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து முகம் கழுவப் போகிறாள். கண்ணாடியில் அந்தச் சிலை. அவளுக்குக் கிடைத்த மொத்த அமெரிக்காவும் அவ்வளவுதான். வில்க்ஸ் தன் காமிராவை அவள் தலை இருந்திருக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறார். அறையில் ஆள் இல்லை. ஆனால் ஒரு ஆளின் பார்வை இருக்கிறது. அதனால்தான் இந்தப் படத்துக்கு 'அடடா' என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

இங்கே இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்த வார்டில் ஏன் அத்தனை ஜன்னல்? அழகுக்காக வைத்ததா? கிடையாது. காசநோய்க்கு முதல் சரியான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தது 1943-ல். அதுவரை டாக்டர்கள் கையில் இருந்தது வெயில், காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. இவ்வளவே. ஜன்னல்தான் மாத்திரை. வெளிச்சம்தான் டானிக். இன்றைக்கு நாம் ரசிக்கிற அந்தத் தங்க வெயில், ஒரு காலத்தில் வேளாவேளைக்கு நோயாளிக்குக் கொடுத்த மருந்து. மருந்து இன்னும் தினமும் வந்துகொண்டிருக்கிறது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

உலகம் முழுக்க இந்த மாதிரிப் புகைப்படக்காரர்கள் தேடிப் போகிற இடங்களில் பழைய காசநோய் சானடோரியங்கள் முக்கியம். அவை காலியானதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே இயங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடப்பதற்குச் சமமாகக் குணமாகிறது என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது. நோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள். படுக்கைகள் காலியாயின. மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது அந்தப் பெயருக்குள் எவ்வளவு வெயில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆக, காலியான கட்டடம் என்றாலே சோகம் என்று அர்த்தமில்லை. சில கட்டடங்கள் ஜெயித்ததால் காலியானவை. படம் எடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இப்போது டெட்ராய்ட்டுக்கு வருவோம். அமெரிக்க மோட்டார் தொழிலின் தலைநகரம். 1950-ல் 18.5 லட்சம் ஜனத்தொகை. 2010-ல் 7.13 லட்சம். 2013-ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. காலியான தியேட்டர்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சாலைகள். புகைப்படக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா?

மூருடைய புத்தகத்தில் ரொம்பப் பிரபலமான படம் ஒன்று உண்டு. காஸ் டெக்னிக்கல் ஹைஸ்கூலின் சுவர்க் கடிகாரம். தீ விபத்துச் சூட்டில் முகம் உருகி வழிந்து, ஓவியர் டாலியின் கடிகாரம் மாதிரியே இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வழிசல் அத்தனை துல்லியம். பார்த்தவுடன் என்ன தோன்றும்? 'இந்த ஊரில் காலம் நின்றுவிட்டது.' பிரமாதமான உவமை. ஒரே ஒரு சிக்கல்: காலம் நிற்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் 2005-லேயே பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டிக் குடிபோய்விட்டது. மூர் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தபோது, சற்றுத் தள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டடத்தை 2011-ல் இடித்தே விட்டார்கள். படம் பொய் இல்லை. ஆனால் படம் சொல்லிக்கொடுக்கிற முடிவு பொய்.

மார்ஷாணும் மெஃப்ரும் உழைப்பாளிகள். கட்டடம் கட்டடமாக, வருஷக்கணக்கில், ஒரு ஆவணக்காப்பாளர் மாதிரி எடுத்தார்கள். பல இடங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கிற சாட்சி இந்த மாதிரிப் படங்கள்தான். அந்த மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் பக்கம் புரட்டப் புரட்ட, ரோமாபுரி இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுகிற கைடு பின்னால் போகிற உணர்வு. பேக்கார்டு கார் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் கான் என்ற கட்டடக்கலைஞர் 1905-ல் அங்கே கான்கிரீட் தூண்களால் ஒரு பகுதியைக் கட்டினார். சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை என்பதால் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஜன்னல். தொழிலாளிக்குக் கண் தெரிய வேண்டும், வேலை ஓட வேண்டும், விளக்குச் செலவு குறைய வேண்டும். அந்த வெளிச்சம் முதலாளியின் முதலீடு. அந்தக் கணக்கு புத்தகத்தின் படங்களில் தெரிவதில்லை. வெளிச்சம் ஏதோ கடவுள் தெளித்த பன்னீர் மாதிரி விழுந்துகொண்டிருக்கிறது.

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் கட்டடத்தின் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஏட்டில் ஒரு ரூபாய் என்று வைப்பார்கள். முதலாளிக்கு அது செத்த சொத்து. அந்த ஒரு ரூபாய்க் கட்டடத்துக்குள் போய்ப் புகைப்படக்காரர் ஒரு புது லாபம் எடுக்கிறார்: விலை அதிகமான புத்தகம், காலரியில் பெரிய பிரின்ட். அந்த ஊர்க்காரருக்கு என்ன பங்கு? டெட்ராய்ட்வாசிகள் கோபப்பட்டது இதற்குத்தான். 'இடிபாட்டு ஆபாசம்' என்று அர்த்தம் வருகிற ஒரு பெயரையே இந்த வகைப் படங்களுக்கு அமெரிக்காவில் சூட்டிவிட்டார்கள். ஏழு லட்சம் பேர் இருந்து, சமைத்து, சண்டை போட்டு வாழ்கிற ஊரில் ஃபிரேமுக்குள் ஒருத்தர்கூட இல்லையென்றால் கோபம் வராதா?

வரலாறு சில சமயம் புகைப்படத்தைக் கிண்டல் செய்யும். டெட்ராய்ட் சீரழிவின் அடையாளமாக எல்லோரும் எடுத்தது மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1988-ல் கடைசி ரயில் போனது. கண்ணாடி இல்லாத அதன் ஜன்னல்களுக்குள் வராத காமிரா இல்லை. 2018-ல் ஃபோர்டு கம்பெனி அதை வாங்கி, 2024 ஜூனில் புதுப்பித்துத் திறந்தது. 'முடிந்தது' என்று படங்கள் எழுதிய மரண சான்றிதழ் செல்லாமல் போயிற்று.

வில்க்ஸ் கதை வேறு மாதிரி. அவருடைய படங்களும் வீடியோவும், எல்லிஸ் தீவின் அந்தத் தெற்குப் பக்கத்தைக் காப்பாற்ற 60 லட்சம் டாலர் ஒதுக்கீடு கிடைக்க உதவின. ஏட்டில் ஒரு ரூபாய் என்று கிடந்த கட்டடத்துக்கு லாபத்தில் ஒரு பங்கு திரும்பிப் போனது. 2014-லிருந்து பார்வையாளர்கள் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். அதே வருஷம் பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். அங்கே வந்து, குடியேறிகளின் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி அந்தச் சுவர்களிலேயே ஒட்டினார். ஆளில்லாத குறையைத் தீர்க்க அது ஒரு வழி. எனக்கென்னவோ வில்க்ஸின் கைகழுவும் கண்ணாடியே போதும் என்று தோன்றுகிறது. ஜே.ஆர். 'இதோ பார், இவர்கள்தான்' என்று காட்டிவிடுகிறார். வில்க்ஸ் நம்மை அந்தக் கட்டிலில் உட்காரவைக்கிறார்.

இன்று எல்லோர் பையிலும் காமிரா இருக்கிறது. பழைய மில்லோ, மூடிய பள்ளிக்கூடமோ, பங்காளிகள் கைவிட்ட வீடோ கண்ணில் பட்டால் எடுக்கத்தான் செய்வீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் நிழலையெல்லாம் துரத்திக் கல்யாண ஆல்பம் மாதிரி மினுக்காதீர்கள். இருட்டு இருக்கிற இடத்தில் இருட்டு இருக்கட்டும். வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மாடியில் ஏறுமுன் படி தாங்குமா பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஜன்னல் பக்கத்தில் போய் நில்லுங்கள். இதை வைத்தவர் யாருக்காக வைத்தார் என்று யோசியுங்கள். தறி ஓட்டினவருக்கா, கரும்பலகை பார்த்த பையனுக்கா, இருமிக்கொண்டு கிடந்த கிழவிக்கா? அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கண்டுபிடியுங்கள்.

முக்காலியை அங்கே போடுங்கள்.