ரிமோட் இல்லாத மைதானம்

கால்பந்தை உங்களையும் என்னையும்விட நூறு மடங்கு நன்றாகப் புரிந்துகொள்கிற ஒருவர். புரிந்ததை நமக்கும் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர். போதாததற்கு, உலகம் அறிந்த ஆட்டக்காரராக இருந்தவர். அவரிடம் ஒரு டீமைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஜெயிக்கும் என்றுதானே சொல்வீர்கள்? ஸ்பெயினின் வலென்சியா கிளப்பை 2014-ல் வாங்கிய சிங்கப்பூர் கோடீஸ்வரர் பீட்டர் லிம்மும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் கேரி நெவிலைக் கூப்பிட்டு, சீசன் முடியும்வரை நீங்கள்தான் கோச் என்று டீமை ஒப்படைத்துவிட்டார்.

நெவில் லேசுப்பட்ட ஆள் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 602 மேட்ச், இங்கிலாந்துக்கு 85 மேட்ச் ஆடிய தடுப்பாட்டக்காரர். 2011-ல் ஓய்வு பெற்றதும் ஸ்கை ஸ்போர்ட்ஸ் டி.வி.க்குப் போனார். ஓடுகிற படத்தை நிறுத்துவார், திரையில் ஒரு வட்டம் போடுவார், ஒரு ஆள் இரண்டடி தள்ளி நின்றதால் கோல் விழுந்த கதையைப் பிட்டுப்பிட்டு வைப்பார். பிரமாதமான மூளை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இல்லாதது இரண்டுதான். ஒன்று, ஸ்பானிஷ் தெரியாது. இரண்டு, ஒரு கிளப்பை அதுவரை ஒருநாள்கூடத் தலைமைக் கோச்சாக நடத்தியதில்லை. இங்கிலாந்து அணியில் உதவி கோச்சாக இருந்தாரே என்பீர்கள். தேசிய அணி எப்போதாவது கூடிக் கலைகிற கூட்டம். கிளப் என்பது தினமும் அடுப்பெரிகிற வீடு.

அப்புறம் நடந்தது இதுதான். லீக்கில் முதல் 9 மேட்ச்சில் ஒரு வெற்றிகூட இல்லை. 2016 பிப்ரவரியில் கோப்பை அரையிறுதியில் பார்சிலோனா 7-0 என்று துவைத்துக் காயப்போட்டது. மார்ச் கடைசியில் வேலை போய்விட்டது. மொத்தம் 28 மேட்ச், 10 வெற்றி. லீக்கில் மட்டும் பார்த்தால் 16-க்கு 3. அந்தப் பதினாறில் ஒன்றில்கூட எதிரணியை கோல் போடாமல் தடுக்க முடியவில்லை. தடுப்பாட்டத்தை ஊருக்கெல்லாம் விளக்கியவர் சார்!

சிரிக்க வேண்டாம். வந்தபோதே கிளப் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. முந்தைய கோச் நடு சீசனில் விலகியிருந்தார். நெவில் ஒன்றும் தங்கத்தைத் தகரமாக்கிவிடவில்லை. ஆனால் தகரத்தைத் தங்கமாக்குவதற்குத்தானே அவரைக் கூப்பிட்டது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது இப்படிப் புரிகிறது. ஆடிட்டர் வருஷம் முடிந்தபிறகு வருகிறவர். கணக்குப் புத்தகம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கத்தில் நஷ்டம் ஆரம்பித்தது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். கடைக்காரர் கதை வேறு. சரக்கு இன்னும் வரவில்லை, பையன் லீவு, வாசலில் வாடிக்கையாளர் கத்துகிறார், முடிவு இப்போதே வேண்டும். டி.வி. நிபுணர் ஆடிட்டர். கோச் கடைக்காரர். அவர் கையில் ரிமோட் இல்லை. ஆட்டம் நிற்காது.

நிபுணருக்குத் தன் கருத்து சரியாக இருந்தால் போதும். கோச்சின் கருத்து இருபத்தைந்து பேர் காலில் இறங்க வேண்டும். இந்த வாரம் உட்காரவைத்த நட்சத்திரம், அடுத்த வாரம் முகம் கோணாமல் ஓட வேண்டும். புகழ் எதற்கு உதவும்? முதல் நாள் அறைக்குள் நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை, இன்றைக்கு என்ன பயிற்சி என்று கேட்பார்கள்.

அடியேனுக்கும் ஒரு முறை பட்டது. ஒரு பத்திரிகை ஆபீஸில், மற்றவர்கள் செய்த பக்கங்களைக் கூட்டத்தில் கிழிகிழியென்று கிழிப்பேன். இவ்வளவு தெரிந்தவன் நீயே பார்த்துக்கொள் என்று பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் இதழ் அச்சுக்கு லேட். இரண்டு ஜூனியர்கள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் கண்டுபிடித்த குறைகள் எல்லாம் சரியானவைதான். குறை கண்டுபிடிப்பது அந்த வேலையே இல்லை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இனி எதிர்க்கட்சி. இத்தாலியின் அரிகோ சாச்சி தொழில்முறையில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர். அப்பாவின் ஷூ கம்பெனியில் சேல்ஸ்மேன். பெயரும் கிடையாது, புகழும் கிடையாது. அவரை 1987-ல் ஏ.சி. மிலான் கூப்பிட்டது. அடுத்த வருஷமே லீக் பட்டம். 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை. ஆக, ஆட்டக்காரர் என்ற பெயர் தேவையே இல்லையா? இல்லைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிலானுக்கு வருவதற்கு முன் சொந்த ஊர் அமெச்சூர் அணி, இளைஞர் அணி, ரிமினி, பார்மா என்று சுமார் 14 வருஷம் அலைந்திருக்கிறார்.

புகழுள்ளவர்களும் ஜெயித்திருக்கிறார்களே? ஜிடேன்? இங்கேதான் வேடிக்கை. 2016 ஜனவரி 3 அன்று நெவிலின் வலென்சியா, ரியல் மாட்ரிட்டை 2-2 என்று நிறுத்தியது. மறுநாளே மாட்ரிட் தன் கோச்சை அனுப்பிவிட்டு ஜிடேனை உட்காரவைத்தது. அவர் 2016, 2017, 2018 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார். நெவிலைவிடப் பெரிய புகழ்தான். ஆனால் அவர் அதற்கு முன்பு அஞ்சலோட்டியிடம் உதவியாளராக இருந்தார். பிறகு அதே கிளப்பின் இரண்டாம் அணியை, பெரிய வெளிச்சம் இல்லாத மூன்றாம் டிவிஷனில் ஒன்றரை வருஷம் நடத்தினார்.

சாச்சிக்கும் ஜிடேனுக்கும் பொதுவாக இருப்பது மூளையா, புகழா? இரண்டும் இல்லை. தப்பு செய்வதற்கு இருவருக்கும் சின்ன இடம் ஒன்று கிடைத்தது. நெவில் தன் முதல் தப்புகளை ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மெஸ்தாயா மைதானத்தில் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பாடத்துக்கான ஃபீஸைக் கட்டியது அவர் இல்லை; டிக்கெட் வாங்கிய வலென்சியா ஜனம். அவர் திரும்பப் போய் டி.வி.யில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் நன்றாகவே பேசினார்.

அதனால் அடுத்த முறை, யாரையாவது காட்டி, மகா புத்திசாலி, ஊரறிந்த பெயர், இவரிடமே கொடுத்துவிடலாம் என்று சொன்னால் தலையாட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

இவர் இதற்கு முன் எங்கே தப்பு செய்தார்?

பதில் இல்லையென்றால், உங்களிடம்தான் செய்யப்போகிறார்.