பேசாத நாயகனும் பேசும் காப்பியமும்

மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருவிழா. அதற்கு ஒரு வாரம் இருக்கையில் எமது பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் வந்தார். "சாமி, பட்டறையில மாட்ட ஒரு பலகை செஞ்சு வச்சிருக்கேன். சூசையப்பர் சொன்ன வாக்கு ஒண்ணு எழுதணும். நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்" என்றார். முந்திய ஞாயிறு மறையுரையில்தான் தேம்பாவணியைக் கொண்டு அப்புனிதரின் சொல்வன்மையை நெடுநேரம் வியந்துரைத்திருந்தோம். எனவே எளிதில் இசைந்தோம். அன்றிரவு நற்செய்தி நூல்களைப் புரட்டியபோது நாணமே மிஞ்சியது. யோசேப்பின் வாய்மொழியாக ஒரு தொடரும் அவற்றில் இல்லை. குருமடத்திலேயே கற்ற செய்திதான் இது, கற்றும் கேளாதிருந்தோம்.

அந்த நாணமே தேம்பாவணியை மீண்டும் கையிலெடுக்கத் தூண்டிற்று. இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் நிறைவு செய்த இக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. 'மிகுதல்' எனும் பொருள்படும் எபிரேயப் பெயரை 'வளன்' என்று தமிழாக்கியதிலேயே முனிவரின் மொழித்திறம் புலனாகும். மத்தேயு சில வசனங்களில் சொல்லி முடிக்கும் எகிப்து வாழ்வு இங்கே பல படலங்களாக விரிகிறது. வளன் அங்கே அறம் உரைக்கிறார், ஐயம் அகற்றுகிறார். பெருங்காப்பியத்தின் தலைவன் வாய்திறவாது இருத்தல் மரபன்று. ஆகவே முனிவரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் காப்பியத்தில் ஈடுபட்ட உள்ளம் ஒன்றை மறந்துவிடக்கூடும்: நற்செய்தி காட்டும் யோசேப்பின் பெருமை அவரது நாவில் இல்லை, செவியில் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியில் யோசேப்பு நான்கு முறை கனவில் இறைவார்த்தை பெறுகிறார். முதன்முறை அது வரும்போது, மரியாவை மறைவாக விலக்கிவிட அவர் முன்னரே தீர்மானித்திருந்தார். நேர்மையோடு எடுத்த அம்முடிவை இறைவார்த்தைக்காக விட்டுக்கொடுக்கிறார். இரண்டாம் முறை, விடியும்வரை காத்திராமல் இரவிலேயே குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார். மூன்றாம் முறை, அதே கீழ்ப்படிதலோடு தாயகம் திரும்புகிறார். அர்க்கெலா ஆட்சி செய்வதைக் கேள்வியுற்று அஞ்சும் வேளையில் நான்காம் கனவு வருகிறது. அவர் கலிலேயாவுக்குச் செல்கிறார். நாட்டு நடப்பைச் செவிமடுக்கும் விவேகமும் இறைவார்த்தைக்குப் பணியும் விசுவாசமும் அவரிடம் பகை கொள்ளவில்லை.

'கேள்' என்னும் தமிழ்ச் சொல் செவியுறுதலையும் வினவுதலையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே குறிக்கும். "பிள்ளை சொன்னால் கேட்கிறானா?" என்று தாய் வினவும்போது அவள் அவனது காதின் நலத்தை விசாரிக்கவில்லை. வள்ளுவரும் கேள்விக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இத்துணை வளமிக்க சொல்லை உடைய நாம், ஞாயிறு வாசகத்தை ஒலியாகக் கேட்டுவிட்டு, எடுத்த முடிவு எதையும் மாற்றாமல் வீடு திரும்புகிறோம். பிரிந்த உடன்பிறப்போடு பேசுவதில்லை என்ற முடிவும், கூலியைக் குறைத்துத் தருவது என்ற முடிவும் வாசகத்திற்கு முன் இருந்தபடியே பின்னும் இருக்குமாயின், நாம் கேட்டது எதனை?

முனிவருக்கும் நீதி செய்தல் வேண்டும். வேற்று மொழியில் பிறந்தவர் மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களை யாப்பமைதியோடு இயற்ற வேண்டுமாயின், இம்மண்ணின் புலவரையும் பாமரரையும் எத்தனை ஆண்டுகள் செவிசாய்த்துக் கேட்டிருக்க வேண்டும்! பேசும் வளனைப் படைத்தவர் பேசாத யோசேப்பைப் போலவே கேட்டவர். காப்பிய நாயகனிடம் நாம் தேடிய மௌனம் கவிஞரின் உழைப்பில் மறைந்திருக்கிறது. இதுவே தேம்பாவணியை மறுமுறை படித்ததில் நாம் கண்ட பயன்.

இறைவெளிப்பாடு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு தன் முதல் வாக்கியத்தில் கேட்டலை முன்னும் அறிவித்தலைப் பின்னும் வைக்கிறது. மறையுரை ஆற்றும் எம்போன்றோர் இவ்வரிசையைத் தலைகீழாக்குவது எளிது. அந்த ஞாயிறன்று நாம் செய்ததும் அதுவே. இல்லறத்தாருக்கும் இது பொருந்தும். சனிக்கிழமை இரவில் மறுநாளைய நற்செய்தியைக் குடும்பத்தோடு ஒருமுறை வாசித்து, சிறிது நேரம் மௌனமாயிருந்து, "இதன் பொருட்டு எம்முடிவை நாம் மாற்ற வேண்டும்?" என்று வினவிப் பார்க்கலாம். கேள்வி கேட்பதும் கேட்டலின் பகுதியன்றோ!

மறுநாள் தச்சரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சற்றே யோசித்தார். "பிள்ளைக்குப் பேர் வச்சது அவர்தானே சாமி? வாசகத்தில கேட்டிருக்கேனே" என்றார். நாம் பக்கங்களில் தேடித் தவறவிட்டதை அவர் செவியில் காத்து வைத்திருந்தார். திருவிழாவன்று அவரது பட்டறையை மந்திரிக்கச் சென்றோம். இழைத்து மெருகிட்ட பலகையில் ஒரே ஒரு சொல் செதுக்கப்பட்டிருந்தது: இயேசு.