ஆரியச்சக்கரவர்த்தி வம்ச சரித்திரத்தை ரசிப்பது எப்படி?

உவர்க்கடலின் அலை வந்து மோதும் மதிலுக்கு இப்பால், நன்னீர் ஊறிக்கொண்டிருக்கும் கீரிமலைக் கேணியில் நீராடச் செல்பவர், குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ ராஜகுமாரி மாருதப்புரவீகவல்லியின் கதையைக் கேளாமல் திரும்புவது அரிது. அவள் மாவிட்டபுரத்தில் முருகனுக்கு ஆலயம் எடுப்பித்ததையும், கதிரமலை அரசனான உக்கிரசிங்கன் அவளை மணந்ததையும் விஸ்தாரமாகச் சொல்லிய பின்னரே, 'யாழ்ப்பாண வைபவமாலை' என்னும் நூல், மதுரையிலிருந்து பாண்டி மழவன் அழைத்துவந்தவனும் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி வம்சத்தின் முதல்வனுமான சிங்கையாரியனிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. ரசிக்க விரும்புவோர் முதலில் இக்கதையைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

கேட்டபின், சொன்னவர் யார், எக்காலத்தவர் என்று விசாரிக்கலாம். மயில்வாகனப் புலவர் ஓர் ஒல்லாந்த அதிகாரி வேண்டிக்கொண்டபடி அந்நூலை இயற்றியபோது, 1619இல் போர்த்துக்கேயரிடம் அவ்வம்சத்தின் நல்லூர் அரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. மறைந்துபோன அரசுக்கு அற்புதமான பூர்வோத்தரம் வகுப்பது மனித சுபாவம்.

அடுத்து, வேற்றார் வாக்கைக் கேட்க வேண்டும். பாண்டியருக்காகப் படைநடத்தி வந்து, யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்ததாதுவைக் கவர்ந்து சென்ற ஆரியச்சக்கரவர்த்தி, உண்மையில் ஆரியன் அல்லன் என்று சிங்கள அரசரின் வரலாறு கூறும் பாளி நூலான சூளவம்சம் இடித்துரைக்கிறது. பகை நூலாயினும், அவனது வல்லமையை அது மறைக்கவில்லை. 1344இல் வந்த யாத்திரிகர் இபன் பதூதாவோ, பாரசீக மொழி அறிந்தவனும் முத்துச் செல்வம் மிக்கவனுமான இவ்வம்சத்து அரசன் ஒருவன் தம்மை உபசரித்து, சிவனொளிபாத மலைக்கு வழித்துணையும் தந்தனுப்பியதை எழுதிவைத்தார்.

இறுதியாக, அவ்வரசர் வெளியிட்ட செப்புக்காசைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள்: ஒரு புறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்துக்கள். செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறிமாறிப் பட்டம் தரித்த அவ்வரசர்கள், இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் தாமே என்று சந்தைக்கு வருவோர் போவோர் கையிலெல்லாம் பதித்த உரிமைக்கோரிக்கை அது. குதிரைமுகக் கதையும் பெருமை பாடுகிறது, காசும் பெருமை பாடுகிறது. முன்னது அரசிழந்த பிற்காலத்தார் விரும்பிய பெருமை, பின்னது அரியணையில் இருந்தோர் தாமே விரும்பியது என்னும் வேறுபாட்டை உணர்ந்தவருக்கே இவ்வம்ச சரித்திரம் முழுச்சுவை தரும்.