கொலைக்குப் பின் வந்த கடிதங்கள்

ஒரு நாட்டின் தலைவர் கொலையுண்டால் அதைப் பற்றிய காகிதங்கள் மலைபோலக் குவிந்துவிடும். போலீஸ் அறிக்கை, நீதிமன்ற வாக்குமூலம், டாக்டர்களின் குறிப்பு, இரங்கல் தந்தி என்று எத்தனையோ. வரலாற்றாசிரியர்கள் முதலில் கை வைப்பது இவற்றில்தான். ஆனால் இலக்கியம் படித்துப் பழகிய கண்ணுக்கு வேறொன்றும் தட்டுப்படும். முன்பின் தெரியாத ஒருவர், அதிகாரத்தில் இருக்கும் ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதம். அப்படி ஒரு கடிதக் கட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க அதிபர் கொலை என்றதும் நம்மில் பலருக்கு லிங்கனும் கென்னடியும்தான் நினைவுக்கு வருவார்கள். நான் சொல்லப்போவது இருவருக்கும் இடைப்பட்ட காலத்தவரான ஜேம்ஸ் கார்ஃபீல்டைப் பற்றியது.

நடந்தது என்ன?

1881 மார்ச்சில் பதவியேற்ற கார்ஃபீல்டை, அவ்வாண்டு ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். தேர்தலில் தான் செய்த வேலைக்குக் கைம்மாறாகப் பாரிஸ் நகரில் தூதரகப் பதவி வேண்டும் என்று நாயாய் அலைந்து, கிடைக்காமல் போனவன் அவன். கார்ஃபீல்ட் உடனே இறக்கவில்லை. இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்து, செப்டம்பர் 19 அன்று உயிர் நீத்தார். குண்டைவிட, கழுவாத கையோடு காயத்தைக் கிளறிய டாக்டர்களே அதிகக் கேடு செய்தார்கள் என்று பின்னாளில் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து வர வேண்டியவர் துணை அதிபர் செஸ்டர் ஆர்தர். நியூயார்க் அரசியலில் ராஸ்கோ காங்க்ளிங் என்ற பெருந்தலையின் ஆள். நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைவராக இருந்து, 1878இல் அப்போதைய அதிபர் ஹேய்ஸால் நீக்கப்பட்டவர். கட்சிக்காரனுக்கு அரசு வேலை, வேலை கிடைத்தவன் கட்சிக்கு நன்கொடை என்ற கொடுக்கல் வாங்கலிலேயே வளர்ந்தவர். போதாக்குறைக்கு, சுட்ட கையோடு கிட்டோ தன்னை ஆர்தரின் கோஷ்டிக்காரன் என்றும், இனி அவரே அதிபர் என்றும் சொல்லிவிட்டான். கொலையில் ஆர்தருக்குப் பங்கில்லை. ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா?

இரண்டு கை எழுத்துகள்

கிட்டோவும் கடிதம் எழுதுகிற ஆசாமிதான். சுட்ட அன்றே அவனிடம் கடிதங்கள் இருந்தன. அதில் ஒன்று ஜெனரல் ஷெர்மனுக்கு: படையை அனுப்பிச் சிறையைக் கைப்பற்றுங்கள் என்று. பிறகு ஆர்தருக்கும் எழுதினான். ஆண்டுக்கு 8,000 டாலர் சம்பளக்காரரை 50,000 டாலர் சம்பளக்காரராக உயர்த்தியதே தான்தான் என்று கணக்குச் சொல்லி உயிர்ப்பிச்சை கேட்டான். 1882 ஜூன் 30இல் தூக்கிலிடப்பட்டான். பைத்தியக்காரனின் கடிதம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 'நான் செய்தேன், நீ கொடு' என்ற அதன் தர்க்கம் அன்றைய அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் நடமாடிய தர்க்கம்தான்.

இதன் பக்கத்தில் ஜூலியா சாண்ட் எழுதிய கடிதத்தை வைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் வாழ்ந்த, முப்பது வயதைத் தாண்டிய, திருமணமாகாத பெண். நோயாளி. ஆர்தரைப் பழக்கமில்லை. ஓட்டுரிமையும் இல்லை. அவர் முதல் கடிதம் எழுதியது 1881 ஆகஸ்ட் 27 அன்று. கார்ஃபீல்ட் இன்னும் சாகவில்லை. வரப்போகும் சாவை நினைத்து நாடு கலங்கியிருந்த வேளை அது.

கடிதத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஆறுதல் இல்லை. ஜனங்கள் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்று ஒளிவுமறைவில்லாமல் கசப்பைப் பரிமாறுகிறார். உங்கள்மீது இரக்கம் உள்ளவர்கள்கூட, பதவி மனிதனை மாற்றாது என்கிறார்கள் என்று சொல்கிறார். அதற்குப் பிறகுதான் திருப்பம். நான் அதை ஒப்பவில்லை, பெரிய நெருக்கடி வந்தால் பாதி வாழ்நாள் தூங்கிக் கிடந்த நல்ல குணமும் விழித்துக்கொள்ளும், பதவி விலகாதீர்கள், அதைவிடக் கஷ்டமானதைச் செய்யுங்கள், திருந்துங்கள் என்கிறார். முதலிலேயே புகழ்ந்திருந்தால் இந்த அறிவுரைக்குப் பலம் இருந்திருக்காது. திட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு மொட்டைக் கடிதமாகப் போயிருக்கும்.

நமக்கு இந்த மரபு புதிதல்ல. புறநானூற்றில் 'செவியறிவுறூஉ' என்றே ஒரு துறை உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைப் பிசிராந்தையார் எடுத்துச் சொன்னது அதில் சேரும். ஆனால் சங்கப் புலவருக்கு அவையில் இடமும் மரியாதையும் இருந்தன. சாண்டுக்கு இருந்தது ஒரு தபால் தலை மட்டும்தான். அந்தக் குறையை அவரே வேடிக்கையாக்கிக்கொண்டார். அரசவையில் மன்னனிடம் உண்மை பேசத் துணியும் குள்ளர்தான் தான் என்று சொல்லிக்கொண்டார்.

குறையும் உண்டு

1883 வரை அவர் எழுதிய 23 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாமே முதல் கடிதத்தின் உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமை கூடக் கூட அறிவுரை நச்சரிப்பாகிறது. அதிபர் தன்னைப் பார்க்க வர வேண்டும் என்ற ஏக்கம், நாட்டு நலன் பேசும் வரிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது. அதனால் அவை கெட்டுப்போய்விடவில்லை. எழுதியவர் உபதேச இயந்திரமல்ல, தனிமையில் இருந்த ஒரு மனுஷி என்பது அப்போதுதான் புரிகிறது. 1882 ஆகஸ்ட் 20 அன்று ஆர்தர் முன்னறிவிப்பின்றி அவர் வீட்டுக்கே வந்தார்.

இதை வைத்து, 'ஒரு பெண்ணின் கடிதம் ஓர் அதிபரையே மாற்றியது' என்று கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1883 ஜனவரி 16இல் ஆர்தர் கையெழுத்திட்ட பெண்டில்டன் சட்டம், தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறையை மத்திய அரசுப் பணிகளில் கொண்டுவந்தது. முதலில் அது தொட்டது பத்தில் ஒரு பங்கு வேலைகளைத்தான். அதற்குக் கார்ஃபீல்டின் சாவும், 1882 தேர்தலில் ஆளுங்கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்ததும் பெரிய காரணங்கள். அதே ஆர்தர், சீனத் தொழிலாளர்கள் 20 ஆண்டுகள் நாட்டுக்குள் வரக்கூடாது என்ற மசோதாவை 1882 ஏப்ரலில் நிராகரித்துவிட்டு, மே மாதமே 10 ஆண்டுத் தடைக்குக் கையெழுத்துப் போட்டார். முழுசாக மாறிய மனிதர் என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, இந்த உரையாடலில் நம் கைக்கு வந்திருப்பது ஒரு பக்கம் மட்டும்தான்.

அப்படியானால் இவற்றுக்கு என்ன மதிப்பு? 1886 நவம்பரில் இறப்பதற்கு முன் ஆர்தர் தன் காகிதங்களை எரிக்கச் சொன்னார். பெரும்பகுதி சாம்பலாயிற்று. எத்தனை சிபாரிசுக் கடிதங்களும் பாராட்டுகளும் அதில் போயினவோ! ஜூலியா சாண்டின் கடிதங்கள் தப்பின. பேரனிடமிருந்து 1958இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. திட்டிய கடிதத்தை ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதே அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. கடிதம் அவரை மாற்றியது என்று நிரூபிக்க முடியாது. உறுத்தியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு குற்ற உணர்வு வந்தது. உத்தியோகத்துக்காக வடக்கே வந்த புதிதில் அப்பா எனக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதுவார். ஓரம் மடிக்கும் இடத்திலும் விடமாட்டார். பாதி விசாரிப்பு, பாதி வசவு. பதவி உயர்வு வந்த வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை என்று எழுதியதுதான் இருப்பதிலேயே காரமானது. குவார்ட்டர்ஸ் மாறும்போது அந்தக் கட்டையும் பழைய பேப்பரோடு சேர்த்துக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். வாழ்த்து மடல்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

வாழ்த்து அனுப்பியவர்களில் பாதிப் பேர் முகம் இன்று நினைவில்லை. அப்பாவின் கையெழுத்து நினைவிருக்கிறது. எழுதியதில் பாதி மறந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கட்டு இருந்தால், அடுத்த முறை வீடு மாற்றும்போது கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.