விரலுக்கு விழுக்காடு

செட்டியார்பட்டி, சத்திரப்பட்டி என இராசபாளையத்தைச் சூழ்ந்த ஊர்களில் தறியை நம்பி வாழ்வோர் பலர். காயத்திற்குக் கட்டும் மருத்துவத் துணி சத்திரப்பட்டியில் நெய்யப்பட்டே நாடெங்கும் செல்கிறது. அதை நெய்பவரின் விரலே விசைத்தறியின் பல்சக்கரத்தில் அகப்பட்டால், அவ்விரலின் மதிப்பு என்ன? இதற்கு விடை கூறும் எழுத்து ஒன்று உண்டு. அது இலக்கியமன்று, எனினும் திறனாய்வுக்கு உரியது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையே அது. பெருவிரல் போனால் பொருளீட்டும் திறனில் இழப்பு 30 விழுக்காடு; சுட்டுவிரலுக்கு 14; நடுவிரலுக்கு 12; மோதிரவிரலுக்கோ சிறுவிரலுக்கோ 7; ஒரு கை முழுவதற்கும் 60. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இத்தகைய பட்டியலையே கொண்டுள்ளது.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. வழக்காட வலிமையற்றவருக்கு எழுத்தில் உள்ள எண் ஓர் அரண். ஆயினும் இப்பட்டியலில் விரல் உண்டு. விரலுக்குரிய மனிதர் இல்லை. கணக்கெழுதுபவரின் இடக்கைச் சுட்டுவிரலும், அறுந்த இழையை நொடியில் முடிந்து தறியை ஓட்டும் நெசவாளரின் சுட்டுவிரலும் இதற்கு ஒன்றே.

இக்குறைக்கு மருந்தும் அச்சட்டத்திலேயே இருந்தது. விபத்தின்போது ஒருவர் செய்யவல்லவராயிருந்த எல்லா வேலைக்கும் அவரைத் தகுதியற்றவராக்குவதே முழு ஊனம் என்றது அதன் வரையறை. திரையரங்கு ஒன்றின் வேலையில் விழுந்து இடக்கையை இழந்த தச்சரின் வழக்கு 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. பகுதி ஊனமே என்று வாதிட்டது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சுவேலை இயலாது, ஆதலின் இழப்பு முழுமையானதே என்றது மன்றம். அட்டவணை உறுப்பை நோக்கியது. தீர்ப்போ உழைப்பை நோக்கியது.

இந்நோக்கு நமக்குப் புதியதன்று. இயேசு குணமாக்கிய சூம்பிய கை வலக்கை என்று லூக்கா குறிக்கிறார். புனித எரோணிமுஸ் தம் மத்தேயு விளக்கவுரையில், நாசரேயர் வழங்கிய நற்செய்தியொன்றிலிருந்து மேலும் ஒரு செய்தி தருகிறார்: அம்மனிதர் ஒரு கொத்தனார், பிச்சையெடுக்கும் இழிவு நேராதிருக்கவே தம் கையை மீட்டுத் தர வேண்டினார். நோவைக் கூறுமுன் தொழிலைக் கூறிய வேண்டுதல் அது.

ஆதலின், விபத்துற்றவருக்குத் துணையாக மருத்துவர் முன்போ ஆணையர் முன்போ செல்லும் நாம், எந்த விரல் போயிற்று என்பதோடு நில்லாமல், அவ்விரல் என்ன வேலை செய்தது என்பதையும் எழுதச் செய்வோமாக. அட்டவணை அதைக் கேட்பதில்லை. நாம் சொன்னாலன்றி எவரும் அறியார்.